நூத்துக்கு இருபது

மெஷின் வாயை மூடிக்கொண்டது. இனி நாலு நிமிஷத்துக்கு யார் கத்தினாலும் அது திறக்காது. உள்ளே, இரும்புக்கு நடுவே, கூழாகக் காய்ச்சி ஊற்றின பிளாஸ்டிக் ஒரு இடது பாதமாக உறைந்துகொண்டிருந்தது. வெளியே முக்காலியில் நேசபாய், பிசிறு சீவுகிற கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்க்கக் கூடாது பார்க்கக் கூடாது என்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் சாக்பீஸ் எழுத்து. எண்பது, ஒரு கூட்டல் குறி, இருபது. அரைமணி நேரத்துக்கு முன்னால், பத்து மணி சாயாவைக் குடித்துக்கொண்டே சுபின் சார் எழுதிவிட்டுப் போனது. அந்த எட்டைப் பார்த்தால் ரப்பர்ப் பால் பிடிக்கிற சிரட்டை ரெண்டை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கிறது. எண்பது. அப்போ நூறு எங்கே? அவள் போட்ட நூறு எங்கே போயிற்று? சுவரில் நூறைக் காணவில்லை. நூறு கிலோவைத் தூக்கி மெஷினில் கொட்டினவள் அவள். இடுப்பு நோவு இன்னும் இருக்கிறது. ஆனால் சுவரில் நூறைக் காணவில்லை.

"அடுத்த கலவைக்கும் இதுதான் யக்கா, மறந்துராதீங்க" என்று சொல்லிக்கொண்டேதான் சார் எழுதினார்.

"எண்பது எதுக்கு சார்?"

"பிளாஸ்டிக்குக்கு. நூத்துக்கு இருபது ரப்பர்னா மிச்சம் எண்பதுதானே? போன தடவை போட்டீங்களே, அதேதான்."

"ஆமா சார்."

ஆமா சார். அந்த ஆமா எங்கே இருந்து வந்தது? அவள் சொல்லவில்லை, நாக்கு சொன்னது. நாக்கு என்பது எலும்பில்லாத சாதனம், வளைத்த பக்கமெல்லாம் வளையும். சார் சிரித்துக்கொண்டே, பன்னிரண்டு மணிக்கு ஜீப் எடுக்கணும், மூணு மணிக்குக் கால் கொடுக்கிற முகாம், பெட்டியெல்லாம் ஏத்தியாச்சா என்று கேட்டுக்கொண்டே போய்விட்டார். எண்பது நின்றுவிட்டது. போன தடவை அவள் எண்பது போடவில்லை. நூறு கிலோ பிளாஸ்டிக்கை நிறுத்து, அதன்மேல் இருபது கிலோ ரப்பரை நிறுத்துப் போட்டாள். நூத்துக்கு இருபது என்றால் நூறுக்கு இருபது. நாலு உழக்கு அரிசிக்கு ஒரு உழக்கு உளுந்து என்றால் யாராவது அரிசியில் ஒரு உழக்கை எடுத்து மாற்றி வைத்துவிட்டா உளுந்தைப் போடுவார்கள்? மேலேதானே போடுவார்கள்? உலகத்தில் எந்தப் பெண்பிள்ளை அப்படி மாவாட்டினாள்? சார் நூத்துக்குள்ளே என்று சொல்லியிருக்கலாம். நூத்துல என்று சொல்லியிருக்கலாம். ஒரு எழுத்து. 'க்கு' என்றார், 'ல' என்று சொல்லவில்லை. படித்த வாய்க்கு ரெண்டும் ஒன்று. மாவாட்டின கைக்கு ஒன்றில்லை.

மெஷின் திறந்தது. பாதம் கம்பியில் தொங்கிக்கொண்டு வந்தது. துணிக்கையுறைக்கு மேலேயும் சூடு தெரிந்தது. பிறந்த பிள்ளையைத் துடைத்துக் கையில் தரும்போது இருக்கிற சூடு. அடுத்த முகாமுக்கு, இன்றைக்கு இது நாற்பத்திரண்டு. பிசிறைச் சீவினாள், தட்டில் வைத்தாள், கதவைச் சாத்தினாள், பச்சைப் பொத்தானை அமுக்கினாள். இதுவும் அதே கலவை. அவள் கலந்தது. மூலையில் இன்னும் அரை மூட்டை பிளாஸ்டிக் மணி இருக்கிறது. தீரும்வரை இடது பாதம், இடது பாதம், இடது பாதம்.

கொஞ்சம்தானே குறைஞ்சிருக்கும் என்று நினைத்தாள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டாம் வகுப்போடு நின்ற கணக்கு அவளுடையது, ஆனாலும் சிரட்டையில் வைத்தால் வரும். சார் சொன்ன கணக்கில் நாலு சிரட்டை பிளாஸ்டிக், ஒரு சிரட்டை ரப்பர். ஆக அஞ்சில் ஒன்று ரப்பர். அவள் போட்டதில் அஞ்சு சிரட்டை பிளாஸ்டிக், ஒரு சிரட்டை ரப்பர். ஆக ஆறில் ஒன்று. அஞ்சில் ஒன்று, ஆறில் ஒன்று. என்ன பெரிய வித்தியாசம்? அஞ்சு பிள்ளை பெற்றவளும் ஆறு பிள்ளை பெற்றவளும் ஒரே பாடுதான் படுகிறார்கள். இல்லை, அப்படி இல்லை. சார் ஒரு நாள் சொன்னாரே. அன்றைக்கு அவள்தான் கேட்டாள், நல்ல பிளாஸ்டிக்கில் எதுக்கு சார் ரப்பரைப் போட்டுக் கெடுக்குதோம் என்று. கெடுக்கத்தான் யக்கா என்றார் அவர். பிளாஸ்டிக்கைச் சும்மா விட்டா ஆறும்போது உள்ளுக்குள்ள கற்கண்டு மாதிரி கட்டும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா கட்டும். பெரிசு பெரிசா கட்டிச்சுன்னா நல்ல கெட்டியா இருக்கும், ஆனா ஒரு அடி விழுந்தா கட்டிக்கும் கட்டிக்கும் நடுவுல பிளந்து போகும். ரப்பர் நடுவுல கிடந்துக்கிட்டு, கட்ட விடாது. கட்டுனாலும் பொடிசு பொடிசாத்தான் கட்டும். உறையறதுக்கும் கொஞ்சம் நேரம் எடுக்கும். அடி விழுந்தா அந்த ரப்பர் வாங்கிக்கும். அளவு முக்கியம் யக்கா. கூடினா தொளதொளன்னு ஆள் நிக்க முடியாது. குறைஞ்சா. சார் குறைஞ்சா என்பதோடு நிறுத்திவிட்டு, மேசையில் விரலைச் சொடுக்கிக் காட்டினார். டக்.

அவளுக்கு அது புரியாத காரியம் இல்லை. அம்மை பனங்கற்கண்டு போட்டவள். பதனீரைப் பாகாகக் காய்ச்சி, நூல் கட்டின பானையில் ஊற்றி, இருட்டறையில் நாற்பது நாள் வைப்பாள். அந்த நாற்பது நாளும் வீட்டுக்குள் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, கதவை அறையக் கூடாது. ஆட்டினா பொடியாப் போயிரும், சவமே, பைய நட என்பாள். ஆடாமல் அசையாமல் இருந்த பாகில் கல்லு கல்லாகக் கட்டும், கண்ணாடி போல முகம் முகமாக. அதை அம்மிக்குழவியால் ஒரு தட்டு தட்டினால் போதும். முகம் பார்த்துப் பிளக்கும். சத்தம் வேறு அவ்வளவு அழகாக இருக்கும். இந்த ரப்பர்தான் பானைக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளை. ஓடி ஓடிக் கல்லைக் கட்ட விடாமல் கெடுக்கிற பிள்ளை. அவள் ஒரு பிள்ளையைக் குறைத்துவிட்டாள். பானை அமைதியாக இருந்திருக்கிறது. நல்ல பெரிய கல்லாகக் கட்டியிருக்கிறது. எதற்குள்ளே? கட்டின மனுஷன் தாசையன் காலுக்குள்ளே.

நினைத்துவிட்டாள். அரைமணி நேரமாக அந்தப் பெயரைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்த மனசு, கடைசியில் அதன்மேலேயே போய் விழுந்தது.

"எக்கா, என்ன பேயடிச்ச மாதிரி இருக்கிய?" அடுத்த மெஷினில் இருந்து ஓமனா கத்தினாள். அவள் மூடி போடுகிறவள், டப்பா மூடி, நாள் முழுக்க மூடி. "அண்ணன் காலையில முத்தம் தரல்லியா?"

"உன் வாயில ஒரு மூடியைப் போடு."

"போட்டா ஒமக்குத்தான் நேரம் போகாது."

சிரித்தாள் நேசபாய். சிரிக்க முடிகிறது. அதுதான் பயமாக இருந்தது. உள்ளே ஒரு மனுஷி நெஞ்சில் அடித்துக்கொண்டு கிடக்கிறாள், வெளியே ஒருத்தி சிரிக்கிறாள். நாற்பத்திமூன்று. சீவு, வை, சாத்து, அமுக்கு. மணி பத்தே முக்கால். தாசையன் இப்போது என்ன செய்வார்? விடியும் முன்னே தோட்டத்தில் ரப்பர் மரத்துக்கு மரம் பட்டையைச் சீவி சிரட்டை வைத்திருப்பார். பத்தரைக்கு மேல் பால் எடுக்க ஆரம்பிப்பார். சிரட்டை சிரட்டையாக வாளியில் வழித்து, ரெண்டு வாளியும் நிறைந்ததும், கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு படி இறங்குவார். இந்த ஆறு நாளும் கீழ் பிளாக். கீழ் பிளாக்கில் படி இல்லை, சமதரை. இன்றைக்கு மேல் பிளாக். மேல் பிளாக்கில் செம்மண்ணில் வெட்டின நாற்பத்திரண்டு படி. அவளும் அங்கே பால் சுமந்தவள், ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறாள். மழை பெய்தால் சோப்பு. இறங்கும்போது இடது காலைத்தான் முதலில் வைப்பார். மனுஷனுக்கு அது பழக்கம். முப்பது வருஷப் பழக்கத்தைக் கால் போனதற்காகவா மாற்றுவார்? ரெண்டு வாளிப் பால், மனுஷனுடைய எடை, எல்லாம் சேர்ந்து அந்தக் குதிகாலில் வந்து இறங்கும். நாற்பத்திரண்டு தடவை.

இந்தக் காலை வேண்டாம் என்றவர் அவர். ஒக்கிப் புயலில் மரம் விழுந்து முழங்காலுக்குக் கீழே போன பிறகு, ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரு பழைய கட்டைக்கால் இருந்தது, அதை வைத்துக்கொண்டு கடை வரைக்கும் போவார், கோயில் வரைக்கும் போவார், போதும் என்று இருந்தார். கம்பெனியில் புதுசாகக் கால் செய்கிறார்கள், அறுபது கால், அதில் ஒன்றை உங்க வீட்டுக்காரருக்கு வச்சுக்கோங்க யக்கா என்று சார் சொன்னதும் அவளுக்குத்தான் தலைகால் புரியவில்லை. ஓட்டமாக ஓடி வந்தாள். அவர் அந்தப் பாதத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது தாங்குமா நேசம்?" என்று கேட்டார். அவள் என்ன சொன்னாள்? ஐயோ, என்ன சொன்னாள். "என் கையால கலக்குனதாக்கும். நம்பிச் சவுட்டுங்க" என்றாள். நம்பிச் சவுட்டுங்க. நம்பி மிதிங்க என்று. இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளிடம் நம்பாமல் இருந்தது எதை? மறுபேச்சுப் பேசாமல் மாட்டிக்கொண்டார். முற்றத்தில் நடந்தார். நடந்துகொண்டே அழுதார், அதை மூக்கு சிந்துவது மாதிரி மறைத்தார். மறுவாரமே கத்தியைத் தீட்ட ஆரம்பித்துவிட்டார்.

சத்தம். அந்தச் சத்தத்தை அவள் கேட்டாளே. காது கேட்டது, புத்தி கேட்கவில்லை. முதல் கலவையை சார் தன் கையால் கலந்தார். அதில் வந்த பாதத்தைத் தட்டினால் தொப் என்று இருக்கும், நனைந்த தலையணையை அடித்த மாதிரி. அதைத்தான் பெரிய ஊருக்கு அனுப்பிச் சோதித்து, நல்லது என்று எழுதி வாங்கினார்கள். ரெண்டாவது கலவை அவளுடையது. அதில் வந்த பாதத்தைத் தட்டினால் டங் என்று இருந்தது. அவள் என்ன நினைத்தாள்? நல்ல பானை தட்டினால் கணீர் என்று கேட்கும். விளைந்த தேங்காய் டங் என்று சொல்லும். ஓட்டைப் பானைதான் தொப் என்கும். சார் கலவையைவிட நம்ம கலவை கொள்ளாம் என்று மனசுக்குள்ளே ஒரு சின்னப் பெருமை. ஓமனாவிடம்கூடத் தட்டிக் காட்டினாள். பாதம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது, நான் கற்கண்டு, நான் கற்கண்டு என்று. அவள் அதைக் கொஞ்சியிருக்கிறாள்.

நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு எப்போது வந்தது? தட்டில் எண்ணினாள். நாற்பத்தெட்டு இருக்கிறது. கை தன்பாட்டுக்குச் சீவிக்கொண்டிருக்கிறது. போன் பண்ணலாம். போன் வாசலில், வாட்ச்மேன் ஸ்டீபனின் பெட்டிக்குள்ளே, பூட்டில். ரெண்டு மணிக்குத்தான் கொடுப்பான். கேட்டால் எதுக்கு என்பான். எதுக்கு என்று சொல்வது? வீட்டுக்காரருக்கு ஒரு விஷயம் சொல்லணும். என்ன விஷயம்? காலைக் கழற்றச் சொல்லணும். ஏன்? ஏன் என்று கேட்டால் சார் வருவார். சார் வந்தால் சுவரைக் காட்டுவார். போன தடவை ஆமா சார் என்றீங்களே என்பார். கழிவு பெருக்குகிறவளாக இந்த ஷெட்டுக்குள் வந்தவள் அவள். ரப்பரை மூக்கில் வைத்துப் பார்த்தே பழசா புதுசா என்று சொல்லுவாள் என்று கேள்விப்பட்டு, துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டுத் தராசு பக்கம் கொண்டு வந்து நிறுத்தினார் சார். எட்டாங்கிளாஸை நம்பித் தராசைக் கொடுக்காதேடே என்று மேனேஜர் சொன்னபோது, யக்கா ஒரு கிராம் பிசக மாட்டாங்க என்றார். ஒரு கிராம் பிசகவில்லை. அதுதானே கொடுமை. நூறு என்றால் நூறு, இருபது என்றால் இருபது, குந்துமணி பிசகவில்லை. பிசகினது தராசு இல்லை.

கர்த்தாவே, ஒண்ணும் ஆகாமல் இருக்கட்டும். ஆறு நாள் ஒன்றும் ஆகவில்லையே. ஆறு நாள் தாங்கினது ஏழாம் நாள் தாங்காதா? முந்தாநாள் அவருடைய சாக்கைத் தூக்கி மாற்றி வைத்தபோது கனமாக இருந்தது. என்னது இது என்றாள். கத்தி தீட்டுற கல்லு என்றார். கல்லு இவ்வளவு நீளமாகவா இருக்கும் என்று நினைத்தாள், கேட்கவில்லை. ஏன் இப்போது அந்தச் சாக்கு ஞாபகம் வருகிறது? மனசுக்கு ஒரு நேரம் காலம் இல்லை. பிணம் கிடக்கும் வீட்டில் புளி தீர்ந்துவிட்டதை நினைக்கும். மரம் விழுவதற்கு முன்னால் ஒரு சத்தம் கொடுக்கும் நேசம் என்பார் அவர். எந்த மரமும் சொல்லாமல் விழாது. உள்ளே ஒரு டக். அதைக் கேட்டவன் சாடித் தப்பிச்சிருவான். அன்னைக்குக் காத்து இரைச்சல்ல எனக்குக் கேக்காமப் போச்சு. படுக்கையில் கிடந்துகொண்டு இதையே சொல்லுவார். கேக்காமப் போச்சு நேசம். மரத்தின் மேல் கோபம் இல்லை, புயல் மேல் கோபம் இல்லை, காது மேல்தான் கோபம். இப்போது மேல் பிளாக்கில், பதினேழாவது படியிலோ பதினெட்டாவது படியிலோ, டக் என்று. ரெண்டு கையிலும் வாளி. பிடிக்கக் கை இல்லை. செம்மண்ணில் வெள்ளைப் பால் கொட்டி ஓடுகிறது. பால் உறையும். வெயிலில் மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டு உறையும். அதை உரித்துத்தான் எடுக்க வேண்டும். அதை யார் போய் உரிப்பார்கள், மனுஷன் அங்கே கிடக்கும்போது, ஒட்டுப்பாலையா உரிப்பார்கள், சீ, என்ன மனசு இது.

மெஷின் திறந்தது. ஐம்பத்திமூன்று. அந்தப் பாதத்தை அவள் எடுக்கவில்லை. சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

"எக்கா, மெஷின் நிக்குது!"

"ஒண்ணுக்குப் போயிட்டு வாறேன்."

வெயிலில் முற்றத்தைத் தாண்டினாள். ஸ்டீபன் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"போன் குடு ஸ்டீபன்."

"ரெண்டு மணிக்கு."

"இப்பம் குடு."

"சட்டம் சட்டந்தான் மைனி. ஒமக்குக் குடுத்தா ஓமனாவுக்கும் குடுக்கணும். அவ ஒருக்க பிடிச்சா சார்ஜ் தீர்ற வரைக்கும் வைக்க..."

அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினான். சாவியை எடுத்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஒரு உபகாரத்துக்காக அவனுக்கு மோட்சம் கிட்டட்டும்.

மணி அடித்தது. அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மேல் பிளாக்கில் ரேஞ்ச் வராது. மணி அடிக்கிறதென்றால் போன் எங்கேயோ இருக்கிறது. மனுஷன் இருக்கிறாரா? மறுபடியும் அடித்தாள். எடுங்க. எடுங்க. எடுத்தா உங்களை இனி ஒரு வார்த்தை கடிஞ்சு பேச மாட்டேன். எடுங்க.

"என்னட்டி இந்த நேரத்துல?"

மூச்சு. அவருடைய மூச்சு. பின்னால் வாளி தரையில் வைக்கிற சத்தம்.

"எங்க நிக்கிய?"

"பால்ஷெட்டுல. இப்பந்தான் இறங்குனேன். ஏன்?"

"காலைக் கழத்துங்க. புதுக் காலு. அது சரியில்ல. கழத்துங்க. நான் கலக்குனது தப்பாப் போச்சு."

அவர் தொண்டையைச் செருமினார்.

"அதை நான் மாட்டல்ல நேசம்."

"என்னது?"

"நாலு நாளாச்சு. கீழ் பிளாக்குல நடந்துக்கிட்டிருக்கும்போது உள்ளுக்குள்ள ஒரு டக். சின்னதா. அந்தத் தடவை கேக்கல்ல, இந்தத் தடவை கேட்டுது. கழத்திப் பாத்தேன். குதியில ஆணி போட்ட இடத்துல மயிர் கனத்துக்கு ஒரு கோடு. அதான் பழைய காலைச் சாக்குல வச்சுக் கொண்டு வந்து இங்க மாட்டிக்கிடுதேன். சாயங்காலம் வரும்போது புதுசு."

"எங்கிட்ட சொல்லாண்டாமா?"

"நீ எம்புட்டு சந்தோசமா கொண்டு வந்த? எப்படிச் சொல்லச் சொல்லுத?"

பாவி மனுஷா. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது, மூக்கை முந்தானையில் சிந்தினாள். ஸ்டீபன் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டான். சாக்கு. நீளமான கல்லு. கள்ளன். நாலு நாளாக அவளுக்காக முற்றத்தில் நின்று நடித்திருக்கிறான். சாயங்காலம் வரட்டும், காதைப் பிடித்துத் திருகுகிறேன்.

திரும்பி வந்தபோது ஷெட் முழுக்க வெளிச்சமாக இருந்தது. தகரத்து ஓட்டை வழியாக வெயில் காசு காசாக விழுந்து கிடந்தது, இதுவரைக்கும் எங்கே இருந்ததோ. மெஷினில் கிடந்த ஐம்பத்திமூன்றை எடுத்துச் சீவி வைத்தாள். பச்சைப் பொத்தானை அமுக்கினாள். "ஒண்ணுக்குப் போறதுக்கு இம்புட்டு நேரமா?" என்றாள் ஓமனா. "கடல்ல போயிட்டு வந்தேன்" என்றாள். ஐம்பத்திநாலு. கை லேசாக இருந்தது. இந்த அரை மூட்டை தீரட்டும். தீர்ந்ததும் ஒருத்தருக்கும் தெரியாமல் அடுத்த கலவையை எண்பது கணக்கில் போட்டுவிட்டால் முடிந்தது. இனிமேல் தப்பாது. சுவரிலேயே எழுதியிருக்கிறதே. ஒன்றும் ஆகவில்லையே, கர்த்தர் காத்தார். மத்தியானத்துக்கு மரச்சீனிக்கிழங்கும் மீனும். ஐம்பத்தைந்து. அவருக்குப் பழைய கால் இருக்கிறது. ஐம்பத்தாறு. நல்ல கால் பிறகு வாங்கிக்கொள்ளலாம். முற்றத்தில் ஜீப்பை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிற சத்தம், ஒருதரம் உறுமி நின்றது. ஐம்பத்தேழு. ஓமனா ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். ஐம்பத்தெட்டு. சீவு, வை, சாத்து, அமுக்கு. மெஷின் திறந்தது. பாதத்தை எடுத்தாள். ஐம்பத்தொன்பது என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அம்பத்தொன்பது.

சொன்ன வாய் அப்படியே நின்றது. பாதத்தின் சூடு கையுறை வழியாக உள்ளங்கையில் ஏறியது. அறுபதில் ஒன்று தாசையனுக்கு. மிச்சம்? அம்பத்தொன்பதும் நாலு பெட்டியில், ஜீப்பில். அவள்தான் அடுக்கினாள். ஒவ்வொரு பாதத்துக்கும் ஒரு சீட்டு, பேரும் வேலையும் எழுதினது. எழுத்துக்கூட்டிக் கூட்டிப் படித்துத்தான் கட்டினாள். கோலப்பன், மீன் சுமடு. அந்தோணியாள், சத்துணவு ஆயா. சுயம்பு, கொத்தனார். செய்யதலி, ஐஸ் வண்டி. கொத்தனார் சாரத்தில் ஏறுவான். மீன் சுமடு ஈரப்படியில் இறங்குவான், தலையில் கூடையோடு. அவர்கள் யாரும் ரப்பர்த்தோட்டத்தில் முப்பது வருஷம் மரத்தின் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் இல்லை. டக் என்றால் அவர்களுக்கு என்ன தெரியும்? கடற்கரை இரைச்சலில், சிமென்ட் கலக்கிற இரைச்சலில், அது எங்கே கேட்கப்போகிறது? சாக்கில் ஒரு பழைய கால் யார் வைத்திருக்கிறார்கள்? ஒன்றரை மணி நேரமாக நெஞ்சு வெடிக்க நினைத்தாளே, ஒற்றைக் காலைத்தானே நினைத்தாள். ஒருத்தன் பிழைத்தான் என்றதும் கிழங்கும் மீனும் ஞாபகம் வந்ததே. சீ. அந்தோணியாளிடம் யார் சொன்னார்கள், நம்பிச் சவுட்டு என்று? ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லாமலே சவுட்டுவாள்.

ஜீப் மறுபடியும் உறுமியது. இந்தத் தடவை நிற்கவில்லை.

சிவப்புப் பொத்தானைப் பார்க்காமலே அடித்தாள். ஓமனா கத்தியது பின்னால் எங்கோ கேட்டது. பாதத்தைக் கையில் பிடித்தபடி ஓடினாள், செருப்பு ஒன்று வாசலில் கழன்று விழுந்தது, முற்றத்துச் சரல் வெறுங்காலில் குத்தியது, இடது கால்தான், குத்தட்டும். ஜீப் கேட்டுக்கு நேராகத் திரும்பியிருந்தது. முன்னால் போய் நின்றாள். பிரேக் பிடித்ததில் பின்னால் பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"யக்கா! என்ன யக்கா, பைத்தியமா?" சுபின் சார் தலையை வெளியே நீட்டினார்.

சொல்லவேண்டியதையெல்லாம் ஓடி வரும்போது அடுக்கி வைத்திருந்தாள். நூத்துக்கு, நூத்துல, அரிசி, உளுந்து, அஞ்சில் ஒன்று, ஆறில் ஒன்று. வாய் உறைந்து கிடந்தது. அவள் கேட்டுத் தூணுக்குப் பக்கத்தில் குனிந்து, கையில் இருந்த பாதத்தைக் கருங்கல்லில் ஒரு தட்டு தட்டினாள்.

டங்.

கோயில் மணி மாதிரி கேட்டது. அவ்வளவு சுத்தமான சத்தம்.

"சார், உங்க கலவை எப்படிக் கேக்கும்?"

சார் அவளைப் பார்த்தார். பாதத்தைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு மெள்ள மெள்ள, ஓரத்தில் இருந்து நடுவுக்கு, உறைந்துகொண்டே வந்தது.

"நூத்துக்கு மேல போட்டேன் சார்" என்றாள். "நூத்துக்குள்ள போடல்ல. நூறு, அதுக்கு மேல இருபது. நான்தான். ஆமான்னு சொன்னதும் நான்தான்."

"எத்தனை யக்கா? எத்தனை பீஸ் அந்தக் கலவையில?"

"ஏத்தியிருக்கிற அத்தனையும்."

ஜீப் என்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சார் சாவியில் கை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. நேசபாய் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு, பாதத்தை மார்போடு அணைத்தபடி, வெறுங்காலோடு சரல்மேல் நின்றாள். பாதத்தில் சூடு ஆறிக்கொண்டிருந்தது. பிறகு சாவி திரும்பியது. என்ஜின் அடங்கின அமைதியில், பின்னால் ஒரு பெட்டிக்குள்ளே, ஏதோ ஒரு பாதம் இன்னொரு பாதத்தின்மேல் சரிந்து, டங் என்றது.